மறுவெளியீட்டுக்கு வராத ஒரு படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய படங்கள் மறுபடி தியேட்டருக்கு வருவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2004இல் வந்த 'கில்லி'யை 2024இல் மறுபடி போட்டபோது தியேட்டர்கள் திருவிழாவாக இருந்ததையும், அன்றைக்குக் கல்லூரியைக் கட் அடித்துவிட்டுப் பார்த்தவர்கள் இன்றைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து விசிலடித்ததையும் நன்றாகவே எழுதியிருந்தீர்கள். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் கட்டுரை முழுக்க ஒரே பாட்டுதான்: பழைய படம் பார்த்தால் பழைய வயது திரும்பி வருகிறது. எனக்கு அப்படி நடக்கவில்லை. நான் சமீபத்தில் ஒரு பழைய படத்தை மறுபடி பார்த்தேன், பழைய வயது எட்டிக்கூடப் பார்க்கவில்லை, இப்போதைய வயதுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு விடமாட்டேன் என்றது. அதைச் சொல்லவும், அதை ஒட்டி ஒரு கோரிக்கை வைக்கவும்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், வெட்டுவதென்றால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசியில் இருக்கும் கோரிக்கையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

படம், பாலு மகேந்திரா எடுத்த 'வீடு'. 1988இல் வந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கும் சிறந்த நடிகைக்கும் தேசிய விருது வாங்கியது, நடிகை அர்ச்சனா. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, இளையராஜா தனியாக வெளியிட்டிருந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்துப் பின்னணியில் போட்டிருப்பார்கள். கதையைச் சட்டென்று சொல்லிவிடலாம். சென்னையில் வாடகை வீட்டில் தாத்தாவோடும் தங்கையோடும் இருக்கும் சுதா என்ற பெண்ணிடம் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். கட்டுப்படியாகும் வாடகைக்கு வேறு வீடு கிடைக்கவில்லை. கூட வேலை பார்க்கும் ஒரு பெரியவர், சொந்தமாகவே கட்டிவிடேன் என்று யோசனை சொல்கிறார், தாத்தாவுக்கு வளசரவாக்கத்தில் இரண்டு மனை இருக்கிறது, ஒன்றை விற்று இன்னொன்றில் கட்டத் தொடங்குகிறாள். அப்புறம் படம் முழுக்க அந்த வீடு எழும்புவதும் எழும்பாமல் நிற்பதும்தான்.

நான் முதலில் பார்த்தது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, தூர்தர்ஷனில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருது வாங்கிய மாநில மொழிப் படங்களை அடியில் ஆங்கில எழுத்து ஓட ஓடப் போடுவார்களே, அந்த நேரத்தில். வங்காளியோ ஒரியாவோ எது வந்தாலும் பார்ப்போம், தமிழ் வருவது அபூர்வம் என்பதால் தமிழ்ப் படம் என்றால் மாடி, கீழ்ப்போர்ஷன் என்று அத்தனை பேரும் டிவி இருக்கிற வீட்டில் வந்து அடைந்துவிடுவார்கள். நாங்கள் அப்போது மேற்கு மாம்பலத்தில் ஒண்டுக்குடித்தனம். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே, "பாட்டே இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் பையன்கள் தெருவுக்குப் போய்விட்டார்கள். என் அம்மா கொஞ்சம் பொறுமையாக இருந்தாள். சுதாவும் அவளுடைய காதலன் கோபியும் வாடகைக்கு வீடு தேடி அலைகிற கட்டம் வந்ததும், "நம்மாத்துல தினம் நடக்கறதைக் கேமரா வச்சு எடுத்திருக்கான், இதுக்கு விருது வேற" என்று சொல்லிவிட்டு அரிசி களைய எழுந்து போனாள்.

நான் கடைசிவரை பார்த்தேன். பார்த்தேன் என்றால், காண்ட்ராக்டர் கெட்டவன், தாத்தா பாவம், முடிவு சோகம், அந்தத் தங்கைப் பெண்ணுக்குக் கிட்டத்தட்ட என் வயது, இவ்வளவுதான். இந்த அக்கா பேசாமல் கோபியைக் கல்யாணம் செய்துகொண்டு போயிருக்கலாமே, எதற்கு இந்தத் தலைவலி என்றும் தோன்றியது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்வதற்கு அதில் ஒரு காட்சிகூட இல்லை.

இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இடையில் நானும் ஒரு வீடு கட்டினேன், திருச்சிக்கு வெளியே. பட்டா மாற்றத்துக்கு நடந்தேன், ஆற்று மணல் லோடுக்குத் தவம் கிடந்தேன், லிண்டல் மட்டம் வரை எழுப்பிவிட்டு அடுத்த தவணைப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனை எடுக்காமல் போய்விட்ட ஒரு காண்ட்ராக்டரை அவர் மாமனார் வீடு வரை தேடிப் போனேன். இதெல்லாம் ஆன பிறகு இணையத்தில் கிடைக்கிற ஒரு மங்கலான பிரதியில் 'வீடு' பார்த்தால், சோகப் படம் பார்க்கிற உணர்வே வரவில்லை ஐயா, பேய்ப் படம் பார்க்கிற படபடப்புதான் வந்தது. அஸ்திவாரம் தோண்டும்போதே எனக்கு அடிவயிறு பிசைகிறது. இந்த ஆளை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதேடி, சிமெண்ட் மூட்டையை நீயே எண்ணு, சாவியை நீ வைத்துக்கொள் என்று ஸ்கிரீனைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். வீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் உறைத்தது பணக் கணக்கு. சின்ன வயதில் சுதாவை ஏழை என்று எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அவள் பஸ்ஸில் போகிறாள், வாடகைக்கு இருக்கிறாள், எங்களை மாதிரியே இருக்கிறாள். இப்போது பார்த்தால் அவள் எங்கே ஏழை? மாதச் சம்பளம் இருக்கிறது, தாத்தா பேரில் இரண்டு மனை இருக்கிறது. வளசரவாக்கத்தில் இரண்டு மனை என்று இன்றைக்கு ஒரு ஜாதகத்தில் எழுதி அனுப்பிப் பாருங்கள், நடப்பது தெரியும். அன்றைக்கு அது ஊருக்கு வெளியே. சென்னை மாநகராட்சியில் சேர்ந்ததே 2011இல்தான், இப்போது ஆற்காடு சாலையின் தலைக்கு மேலே பூந்தமல்லிக்கு மெட்ரோ ரயில் பாலம் போகிறது. ஆக, சொத்தும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் தன் குடும்பத்துக்கென்று சேர்த்ததைக்கூடக் கொடுக்கிறான், அப்படியும் ஒரு சின்ன வீட்டுக்குக் கூரை ஏற்றப் பணம் போதவில்லை என்பதுதான் படம் போடுகிற கணக்கு. வீடே இல்லாத ஏழையைப் பற்றி எடுத்திருந்தால் உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருப்போம். இது உச்சுக்கொட்ட இடம் கொடுக்கவில்லை.

என் அண்ணன் மகள், ஐடி கம்பெனியில் இருக்கிறாள், என்னோடு உட்கார்ந்து பாதிப் படம் பார்த்தாள். "ஏன் அத்தை, ஹோம் லோன் போட்டு ஒரு ஃப்ளாட் வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்குத் தெரிந்த உலகத்தில் வங்கிக்காரர்களே போன் செய்து கடன் வேண்டுமா மேடம் என்று கேட்கிறார்கள். வீட்டுக்கடனுக்கென்றே ஹெச்டிஎஃப்சி தொடங்கியது 1977இல். தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது 1988இல், அதாவது இந்தப் படம் வந்த அதே வருடம். வீட்டுக்கடன் இன்னும் பரவலாகாத நேரத்தில் நடுவில் மாட்டிய தலைமுறைக்கு ஆபீஸ் லோன், பி.எஃப்., கழுத்திலும் கையிலும் இருப்பது, ஊரில் கிடக்கும் நிலம், சொந்தக்காரர் மனசு, இவ்வளவுதான் வழி. சிமெண்டும் அப்படித்தான். 1982 வரை விலையும் விநியோகமும் முழுக்க அரசு கையில், அப்புறம் ஓரளவு தளர்த்தினார்கள், முழுசாக விட்டது 1989இல். எங்கள் அப்பா காலத்தில் சிமெண்ட் பெர்மிட் கிடைத்துவிட்டது என்பதை மெடிக்கல் காலேஜில் சீட் கிடைத்த மாதிரி சொல்லிக்கொண்டு வருவார்கள். காண்ட்ராக்டர் சுதாவின் சிமெண்டைக் கடத்தி விற்பதை இந்த விவரத்தோடு பார்த்தால் அது ஏதோ சில்லறைத் திருட்டாகத் தெரியாது. ஐ.நா. சபை 1987ஆம் வருடத்தை வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டு என்று அறிவித்திருந்ததாம், இதையும் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதே நேரத்தில்தான் இங்கே வேலைக்குப் போகிற ஒரு பெண் மூட்டைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன் மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மீதிப் படத்தை அப்புறம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள், நான் வற்புறுத்தவில்லை, அவள் ஒரு மனை வாங்கட்டும், தானாகப் பார்ப்பாள்.

இன்னொன்று, சுதா எந்த வாசலில் போய் நின்றாலும் எதிரே உட்கார்ந்திருப்பது ஓர் ஆண். வீட்டுக்காரர், பிளான் அப்ரூவலுக்குக் கையூட்டு எதிர்பார்ப்பவர், காண்ட்ராக்டர், ஆபீஸ் மேலதிகாரி என்று வரிசையாக. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இது கண்ணிலேயே படவில்லை, அப்போது உலகமே அப்படித்தானே இருந்தது, தனியாகக் கண்ணில் பட என்ன இருக்கிறது? அர்ச்சனாவின் முகத்தில் ஒரு பார்வை வரும், பதில் சொல்வதற்கு முன்னால் எதிரே இருக்கிறவர் எந்த எண்ணத்தில் பேசுகிறார் என்று நிறுத்துப் பார்க்கிற பார்வை. அழுகைக்கு யாராலும் நடிக்க முடியும், இந்தப் பார்வைக்குத்தான் விருது கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு லோன் என் பேரில், கையெழுத்து என்னுடையது, மாதாமாதம் பிடிப்பது என் சம்பளத்தில். கொத்தனாரும் சரி, கம்பிக் கடைக்காரரும் சரி, கடைசிவரை "சார் எப்ப வருவாருங்க?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். சார் அப்போது வெளியூரில் வேலை, சாருக்கு எட்டு எம்எம் கம்பிக்கும் பத்து எம்எம் கம்பிக்கும் வித்தியாசம் தெரியாது, அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

சுதாவும் கோபியும் சண்டை போடுவதையும் இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறேன். படம் போகப் போக அவர்களுக்குள் பேச்சே கணக்குப் பேச்சாகிவிடுகிறது. செங்கல் எவ்வளவு, கம்பிக்கு எவ்வளவு, மழை எப்போது விடும். காதலர்கள் இப்படியா பேசுவார்கள் என்று அன்றைக்குச் சலிப்பாக இருந்தது. வீடு கட்டுகிறவர்கள் இப்படி மட்டும்தான் பேசுவார்கள். பாலு மகேந்திரா மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்தவர். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய அம்மா வீடு கட்டினார், எப்போதும் சிரித்த முகமாக இருந்தவர் அந்த நாட்களில் சிடுசிடுவென்று மாறிப்போனார், அந்த ஞாபகத்தில் முளைத்ததுதான் இந்தப் படம் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு என் மகனிடம், நான் வீடு கட்டும்போது எப்படிடா இருந்தேன் என்று கேட்டேன். "அதை ஏம்மா இப்பக் கேக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டான்.

ஆனால் இந்தத் தடவை என்னை உலுக்கியது சுதா இல்லை, மங்கம்மா. 'பசி' சத்யா நடித்திருப்பார், வேலைக்கு வரும் சித்தாள். காண்ட்ராக்டர் சிமெண்டைத் திருடுவதைச் சுதாவுக்குச் சொல்வது அவள்தான், அந்த ஆள் வேலையைப் போட்டுவிட்டுப் போன பிறகு கூட நின்று வேலையை நடத்திக் கொடுப்பதும் அவள்தான். அன்றைக்கு எனக்கு அவள் ஒரு நல்ல மனசுக்காரி, எல்லாப் படத்திலும் இப்படி ஒருத்தி வருவாளே, அந்த மாதிரி. இன்றைக்குக் கட்டிட வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்ட பிறகு அவள் செய்த காரியம் எவ்வளவு பெரிது என்று தெரிகிறது. சித்தாளுக்கு அன்றாடம் வேலை சொல்வது வீட்டுக்காரர் இல்லை, மேஸ்திரியும் காண்ட்ராக்டரும்தான். அவர்களைக் காட்டிக் கொடுத்தால் இந்த வேலை போவது மட்டுமில்லை, அந்த வட்டாரத்தில் அடுத்த வேலைக்கும் யாரும் கூப்பிட மாட்டார்கள். கொத்தனார் வாங்குவதைவிட எப்போதும் குறைந்த கூலி, தலையில் கலவைச் சட்டி, நிழலில் எங்கேயோ தூளியில் குழந்தை. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்ததே 1994இல்தான், மங்கம்மா காலத்தில் சாரத்திலிருந்து விழுந்தால் கேட்பாரில்லை. அப்படிப்பட்டவள் எதற்கு வாயைத் திறந்தாள்? சுதா அவளுக்கு என்ன சொந்தமா பந்தமா?

படம் இதற்குள் அதிகம் போகவில்லை, அது சுதா பக்கமே நிற்கிறது. இது படத்தின் குறை என்றே சொல்வேன். சுதாவுக்கு வீடு கிடைக்குமா என்று நம்மைத் தவிக்க வைக்கிறவர், மங்கம்மா ராத்திரி எங்கே போய்ப் படுக்கிறாள் என்றும் ஒரு தடவை கேமராவைத் திருப்பியிருக்கலாம். பாலு மகேந்திரா ரசிகர்கள் என்னை அடிக்க வருவார்கள், வரட்டும். அந்தப் படத்தில் சொந்த வீட்டுக்கு வழியே இல்லாத ஒரே ஆள் அவள்தான், அவள்தான் அந்த வீட்டைக் காப்பாற்றுகிறாள்.

தாத்தா காட்சியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். சொக்கலிங்க பாகவதர் பூசாத சுவர்களைத் தொட்டுத் தொட்டு அறை அறையாகப் போவார், பின்னால் இளையராஜா. வீட்டைப் பார்த்த சந்தோஷத்தோடு வெளியே வந்தவர் திரும்பி வருவதில்லை. இந்த இடத்தில் கட்டாயம் அழுவேன் என்று கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தேன், அழுகை வரவில்லை. என் கண் அவரைவிட்டு அவருக்குப் பின்னால் இருக்கிற செங்கல் வரிசைக்குப் போய்விட்டது. கட்டு நேராக வந்திருக்கிறதா, மூலைமட்டம் பார்த்தார்களா, கியூரிங்குக்குத் தண்ணீர் விட்டார்களா என்று. வீடு கட்டியவர்களுக்கு இந்த வியாதி சாகிறவரை போகாது.

முடிவு மட்டும் சொல்கிறேன், பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும். எல்லாம் முடியப்போகிற நேரத்தில் குடிநீர் வாரியத்திலிருந்து வந்து, இந்த நிலம் ஏற்கெனவே எங்கள் திட்டத்துக்காக எடுத்தது என்கிறார்கள். கட்டலாம் என்று ஒரு அலுவலகம் பிளானில் முத்திரை குத்துகிறது, இன்னொரு அலுவலகம் இடமே எங்களுடையது என்கிறது. சுதா கோர்ட்டுக்குப் போகிறாள், தீர்ப்பு வருவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. அன்றைக்கு எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை, விருதுப் படம் என்றால் கடைசியில் அழவைத்தே தீருவார்கள் என்று இருந்தது. இப்போது கேட்டால், படத்திலேயே ரொம்பச் சாதாரணமான, எந்த ஊரிலும் எந்த மாதமும் நடக்கிற சம்பவம் அதுதான். இருபது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் அரசு எடுத்த நிலம் என்பது அதில் தெரியாமல் போகலாம். வாங்குகிறவர்தான் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்றைக்கு எவ்வளவோ மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. பட்டா, வில்லங்கம் எல்லாம் போனிலேயே பார்க்கலாம், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்களுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி என்று 2024இல் கொண்டுவந்தார்கள், நல்ல விஷயம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் வந்தது, ஆனால் அது மனைப்பிரிவு போடுகிறவர், அடுக்குமாடி விற்கிறவர் இவர்களைப் பிடிக்கத்தான். சொந்த மனையில் காண்ட்ராக்டரை வைத்துக் கட்டுகிற சுதாவும் நானும் அதற்குள் வரமாட்டோம். எங்களுக்கு நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது, வாய்தா இருக்கிறது, இனிமேல் இதைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன்.

பெரிய நடிகர்களின் படங்கள் 4கே மெருகோடு திரும்பி வருகின்றன, ஏனென்றால் அவற்றின் நெகடிவோ (பிரதிகள் போட உதவும் மூலச் சுருள்) நல்ல பிரதியோ எங்காவது பத்திரமாக இருக்கிறது, செலவழித்தால் திரும்ப எடுக்கலாம் என்று தயாரிப்பாளருக்குத் தெரியும். 'வீடு' அப்படி வராது. அதன் நெகடிவ் இப்போது இல்லை. இதைச் சொன்னது வேறு யாருமில்லை, பாலு மகேந்திராவே, தன் கடைசிக் காலத்தில் மேடையில் நின்று சொன்னார். 'வீடு', 'சந்தியா ராகம்', 'மறுபடியும்' என்று தன்னுடைய படங்களின் பேரைச் சொல்லி, நெகடிவ் இல்லை என்று வருத்தப்பட்டு, தமிழ்ப் படங்களைப் பாதுகாக்க அரசு ஒரு ஆவணக் காப்பகம் அமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 2014 பிப்ரவரியில் போய்விட்டார். அவர் கேட்டதற்கு நாம் இன்னும் காத்திருக்கிறோம்.

இது அவர் ஒருவருடைய படத்துக்கு வந்த கதி இல்லை. நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' இல்லை, தமிழின் முதல் பேசும்படம் என்று பாடப்புத்தகத்தில் போடுகிறோமே 'காளிதாஸ்', 1931, அதுவும் இல்லை. ஃபிலிம் என்பது ஈரத்திலும் வெயிலிலும் தானாகவே கெட்டுப்போகிற பொருள், டப்பாவைத் திறந்தால் வினிகர் நாற்றம் வரும், குளிர் அறையில் வைத்தால்தான் நிற்கும். படம் ஓடி முடிந்த பிறகு அந்த அறைக்கு வாடகை கட்ட யார் இருக்கிறார்கள்? தயாரிப்பாளர் நொடித்துப் போயிருப்பார், டிஜிட்டல் வந்ததும் லேப்களையே இழுத்து மூடிவிட்டார்கள், கருப்பு வெள்ளைக் காலத்துப் படச்சுருள்களில் எத்தனையோ வெள்ளிக்காக உருக்கப்பட்டுவிட்டன.

தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் 1964இலிருந்து இருக்கிறது. சுமார் 2,200 படங்களைச் சீரமைக்கப் போவதாக மத்திய அரசு 2022இல் அறிவித்தது. அந்தப் பட்டியலில் உள்ள தமிழ்ப் படங்களின் பேரை உங்கள் நாளிதழ் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். அடுத்தது நம் மாநில அரசுக்கு. பூந்தமல்லி பக்கத்தில் பெரிதாகத் திரைப்பட நகரம் வரப்போகிறது என்கிறார்கள். ஷூட்டிங் தளமும் செட்டும் வரட்டும், அதில் ஒரு மூலையில் குளிரூட்டிய பெட்டகம் ஒன்றும் வரட்டும், பழைய படத்தை வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு போகிற மாதிரி. திரையுலகிலிருந்து முதலமைச்சர்களையே எடுத்த மாநிலத்துக்கு இது ஒரு செலவா?

மூன்றாவது உங்கள் வாசகர்களுக்கு. விருதுக் குழுவுக்கும், திரைப்பட விழாக்களுக்கும், தூர்தர்ஷனுக்கும் என்று ஆங்கில எழுத்தோடு போன பிரதிகள், ஃபிலிம் சொசைட்டிகள் வாங்கிச் சுற்றுக்கு விட்ட பிரதிகள், விநியோகஸ்தர் குடோன்களில் கிடக்கிற டப்பாக்கள், இவற்றைப் பற்றி யாருக்காவது தெரிந்தால் எழுதச் சொல்லி ஒரு அறிவிப்புப் போடுங்கள். இணையத்தில் இருப்பது போதாதா என்று கேட்பீர்கள். போதாது. நான் பார்த்த பிரதியில் தாத்தா தொடுகிற சுவர் சுவராகவே தெரியவில்லை, சாம்பல் பூசிய மாதிரி இருந்தது. ஒளிப்பதிவுக்குப் பேர்போன ஒருவர் தானே கேமராவைப் பிடித்து எடுத்த படம் அது. பள்ளிக்கூட வயதில் ஒரு படத்தைப் பார்த்தவருக்கு அதில் பாதிதான் கிடைக்கிறது, மீதி முப்பது வருடம் கழித்துத்தான் வரும், அப்போது படம் கையில் இருக்க வேண்டும். விசிலடிக்கிற படங்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவை முதல் நாளே முழுசாகக் கொடுத்துவிடுகின்றன.

கடைசியாக ஒன்று. 1988இல் 'வீடு' வந்தபோது உங்கள் நாளிதழிலும் விமர்சனம் வந்திருக்கும். பழைய இதழ்களைத் தேடி எடுத்து அதை மறுபடி போடுங்கள், எழுதியவர் இருந்தால் அவரையே இப்போது ஒரு தடவை படத்தைப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். அவர் அன்றைக்கு வாடகை வீட்டில் இருந்தாரா, சொந்த வீட்டிலா என்பதையும் கேட்டு அடியில் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி